செயலாளர் கண்டெடுத்த முத்திரை

அந்த அட்டை போன மாதம் வரை என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. பட்டாசு லேபிள் அச்சடித்து வெட்டியபின் மிஞ்சுகிற கெட்டித் தாள் துண்டு. ஒரு பக்கம் மயிலின் பாதித் தோகை. மறுபக்கம் வயலட் மையில், ‘சுடுமண் முத்திரை. சங்க காலம். கண்டெடுத்தவர்:’ என்று எழுதி, அதன் கீழே எங்கள் வரலாற்று மன்றச் செயலாளரின் பெயர், பட்டங்களோடு. பட்டங்களுக்கு இடம் போதாமல் கடைசி எழுத்துகள் ஓரத்தில் நெருக்கியடித்து நிற்கும். எட்டு வருடமாக அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். வீடு மாறியபோது நகைப் பெட்டியை அடுத்து நானே கையில் எடுத்துக்கொண்டு வந்தது அதைத்தான்.

செயலாளர் போன ஐப்பசியில் காலமானார். மன்றத்தில் நினைவு மலர் போடுகிறார்கள். புதிதாக வந்திருக்கும் தலைவர் போன் செய்து, “அவர் கூடவே இருந்தவுக நீங்கதான். நல்லதா ஒரு பக்கம் எழுதிக் குடுங்க” என்று கேட்டார். கொடுத்தேன். அவர் ஒருநாளும் நேரம் தவறியதில்லை, குரல் கணீரென்று இருக்கும் என்று எழுதினேன். இரண்டும் உண்மைதான். மீதி உண்மையை இங்கே எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சிவகாசியில் ஒரு பள்ளிக்கூடத்து மாடி ஹாலில் மன்றத்தின் தொல்லியல் சொற்பொழிவு நடக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம். வாசலில் சுண்டலும் டீயும் உண்டு. ஓய்வுபெற்ற வாத்தியார்கள், அச்சக முதலாளிகள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் என்று ஹால் முக்கால்வாசி நிறைந்துவிடும். வெம்பக்கோட்டை மேட்டில் சங்கு வளையலும் பாசிமணியும் தட்டுப்பட ஆரம்பித்தபிறகு கூட்டம் இன்னும் கூடியது. செயலாளர் முழுக்கைச் சட்டையில், கையில் சிவப்பு விளக்குப் பேனாவோடு வந்து நிற்பார். அவருக்கு ‘ழ’ என்றால் உயிர். எங்கள் பக்கம் அந்த எழுத்தை யாரும் அவ்வளவு மெனக்கெட்டுச் சொல்வதில்லை. கேள்வி கேட்க எழுந்தவர் வாயில் ‘ள’ வந்துவிட்டால், கேள்வியை அப்படியே விட்டுவிட்டு எழுத்தைத் திருத்துவார். ஹால் சிரிக்கும். கேட்டவரும் அசடு வழியச் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

என் அம்மாவை அந்த ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மண் அடைப்பது அவள் வேலை. காகிதக் கூம்பில் மருந்தைக் கிட்டித்து இறுக்கியபிறகு அடிப்பக்கத்தை ஈரக் களிமண்ணால் மூடி அழுத்த வேண்டும். நாளெல்லாம் மண்ணில் கிடக்கிற விரல்கள். கல் எது, ஓடு எது, எலும்பு எது என்று பார்க்காமலே சொல்லிவிடும். முதல் நாள் கேட்ட பேச்சிலேயே அவளுக்கு அந்த ஹால் பிடித்துப் போய்விட்டது. தான் தினமும் மிதித்து நடக்கிற ஓடைக்கரையில் ஒரு காலத்தில் வளையல் அறுத்தார்கள் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. அன்றைக்குச் செயலாளர் கடைசியாகச் சொன்னது இது: “உங்கள் ஊரில் எந்த ஓடு கிடைத்தாலும் கொண்டு வாருங்கள். கண்டெடுத்தவர் பெயரோடு வைப்போம்.” வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் அம்மா இதை மூன்று தடவை சொன்னாள்.

அந்தக் கார்த்திகையில் ஒரு மழை. மறுநாள் ஓடைக்கரை அரிப்பில் அவளுக்கு ஒரு கறுப்பு-சிவப்புப் பானை ஓடு கிடைத்தது. கழுவிப் பார்த்தால் நான்கு எழுத்துகள், ஆணியால் கீறிய மாதிரி. சேலை முந்தானையில் முடிந்துகொண்டு போய்ச் செயலாளரின் கையில் கொடுத்தாள். அவர் அதைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். “நல்லதும்மா” என்றார். அம்மாவின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளவும் செய்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அடுத்த சொற்பொழிவில் அந்த ஓடு திரையில் வந்தது. “என்னுடைய களப்பயணத்தில் எனக்குக் கிடைத்தது” என்று அவர் ஆரம்பித்தார். எந்த மரத்தடியில் குனிந்தார், எப்படிக் கண்ணில் பட்டது என்பதெல்லாம் சொன்னார். அம்மா எழுந்துவிட்டாள்.

“ஐயா, அந்தப் பளைய ஓடு நான் எடுத்துக் குடுத்ததுல்லா?”

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். “முதலில் ‘பழைய’ என்று சொல்லுங்கம்மா. பிறகு பழைய ஓட்டைப் பற்றிப் பேசலாம்.”

ஹால் முழுக்கச் சிரித்தது. அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவள் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. அப்போது நான் செய்த காரியத்தைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தம் இல்லை. நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். “உக்காரும்மா, எல்லாரும் பாக்காக” என்றேன். உட்கார்ந்துவிட்டாள். கைரேகைக்குள் அலுமினியப் பொடி ஏறிப்போன அந்தக் கைகளை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மன்றத்துப் பக்கமே வரவில்லை. அவர் மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தில் பாதி என் மேலேயே இருந்தது. அதையும் சேர்த்து அவர் கணக்கில்தான் எழுதினேன்.

அடுத்த மாதமே செயலாளரிடம் போய், “ஐயா, திரைக்குப் படம் போடுற வேலைய நான் செய்யுறேன்” என்றேன். அச்சகத்தில் லேபிள் வடிவமைப்பது என் தொழில். அவருக்கு ஒரே சந்தோஷம். “உங்கம்மாவுக்கு இல்லாத விவரம் உனக்கு இருக்கிறதே” என்றார். சிரித்து வைத்தேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோற்றை டங்கென்று வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு நான் விளக்கம் சொல்லவில்லை. எந்த மனிதனும் என்றாவது ஒருநாள் வாய் தவறுவான், அன்றைக்குப் படம் போடுகிற பெட்டி என் கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். நான்கு வருடம் அவருக்கு அம்பு போட்டேன், வட்டம் போட்டேன், எழுத்தைப் பெரிதாக்கினேன். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை.

ஐந்தாம் வருடம் ஆண்டுவிழாச் சொற்பொழிவுக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டியோடு அச்சகத்துக்கு வந்தார். பஞ்சுக்குள் வட்டமாக ஒரு சுடுமண் வில்லை. ஒரு பக்கம் கருகியிருந்தது. மறுபக்கம் மூன்று கோடு, அதன் மேல் ஒரு வளைவு. “முத்திரை! வணிகக் குழுவின் குறியீடு” என்றார். கூடவே அந்த வயலட் மை அட்டையையும் கொடுத்தார், படத்தில் அதுவும் வர வேண்டும் என்று.

எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மண் அடைத்த புஸ்வாணங்களைத் தட்டுத் தட்டாக வெயிலில் காயவைப்பார்கள். தட்டுகள் கலந்துவிடக் கூடாது என்று அம்மா வேலை பார்த்த அறையில் ஒவ்வொருத்தியும் ஓரத்துப் புஸ்வாணத்தின் ஈர மண்ணில் நகத்தால் தன் குறியைக் கீறிவிடுவாள். மூன்று கோடும் வளைவும் அம்மாவின் குறி. சின்ன வயதில் என் சிலேட்டில்கூட அதைத்தான் போட்டுக் கொடுப்பாள். கழித்துப் போட்ட சரக்கை ஓடைக்கரையில் கொட்டி எரிப்பார்கள். அந்தத் தீயில் மண் வெந்து ஓடாகிவிடும். இத்தனைக்கும் செயலாளரின் அண்ணனுக்கே ஒரு பட்டாசுக் கம்பெனி இருந்தது. அந்த மண்ணை அவர் ஒருநாளாவது கையால் தொட்டிருந்தால் தப்பித்திருப்பார்.

“எங்கன கெடச்சதுங்க ஐயா?” என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும், அவர் திரும்பிப் போவதற்கு நான் விட்ட ஒரே வழி அதுதான்.

“ஓடைக்கரையில். சாம்பல் அடுக்குக்குள். பழைய சூளையாக இருக்கும்” என்றார்.

“நல்லாப் பெருசாப் போட்டுருதேங்க ஐயா” என்றேன்.

அன்றிரவு அம்மாவிடம் வில்லையின் படத்தை நான் காட்டவில்லை. ஆண்டுவிழாவுக்கு வா, உன் அறைக்காரிகளையும் கூட்டிக்கொண்டு வா என்று மட்டும் கெஞ்சினேன். வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் என் கல்யாணத்துக்குக் கூப்பிடுவது மாதிரி கூப்பிட்டுத்தான் சம்மதிக்க வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்கு விடுமுறை. கம்பெனி வேனிலேயே பத்துப் பன்னிரண்டு பெண்கள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். செயலாளர் மேடையிலிருந்து பார்த்துவிட்டு, பாமரர்களுக்கும் வரலாற்றில் ஆர்வம் வந்துவிட்டது என்று மைக்கில் பெருமைப்பட்டார்.

வில்லை திரையில் வந்தது. சுவர் முழுக்க அதுதான். மூன்று கோடும் ஆள் உயரத்துக்கு நின்றன. செயலாளர் சிவப்பு விளக்கால் ஒவ்வொரு கோடாகத் தடவி, இது மலை, இது கடல், இந்த வளைவு கப்பல் என்று பத்து நிமிடம் பேசினார். முன்வரிசை வாத்தியார்கள் குறிப்பெடுத்தார்கள். பெண்கள் பக்கம் முதலில் ஒரு சலசலப்பு. பிறகு, அம்மாவுக்கு அடுத்த தட்டில் உட்காருகிற பெண் அடக்க முடியாமல் கத்திவிட்டாள்.

“ஏ மதினி! இது ஒன் குறியில்லா?”

அம்மா எழுந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் இந்தத் தடவை தூரத்தில், கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்தேன். அவள் சேலை என் கைக்கு எட்டாது. பேசு என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

“ஐயா, அது முத்திரையும் இல்ல, ஒண்ணும் இல்லீக. புஸ்வாணத்து அடிமண்ணு. போன சீசனுல நான் அடைச்சது. அந்தக் கோடு என் நகம்.”

“உட்காருங்கம்மா. தெரியாமல் பேசக் கூடாது” என்றார் செயலாளர்.

அம்மா உட்காரவில்லை. நடந்து போய், ஓரத்தில் இருந்த கரும்பலகையில் சாக்பீஸால் மூன்று கோடும் வளைவும் போட்டாள். திரையில் இருந்தது போலவே, கடைசிக் கோடு மட்டும் கொஞ்சம் சாய்ந்து. பிறகு மற்றப் பெண்களும் ஒருத்தி பின் ஒருத்தியாகப் போய்ச் சாக்பீஸை வாங்கினார்கள். ஒரு மீன், ஒரு பெருக்கல் குறி, இரண்டு புள்ளி. பலகை நிறைந்துவிட்டது. அம்மா கையைத் தட்டிவிட்டுக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“இப்பமாவது அந்தப் பளைய ஓட்டப் பத்திப் பேசலாமாய்யா?”

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பழைய சிரிப்பு யார் யாரிடமிருந்து வந்ததோ, அவர்களே இப்போதும் சிரித்தார்கள். செயலாளர் என்னைப் பார்த்து, “படத்தை எடு” என்றார். “சிஸ்டம் ஹேங் ஆயிருச்சுங்க ஐயா” என்றேன். சிஸ்டம் நன்றாகத்தான் இருந்தது. கடைசி ஆள் படியிறங்கும்வரை படம் சுவரில் நின்றது.

செயற்குழு கூடி, செயலாளர் தன் கையால் குறித்துவைத்திருந்த பெயரைப் பார்த்துவிட்டு, பானை ஓட்டுக்குப் புது அட்டை எழுதி அம்மாவின் பெயரைப் போட்டது. செயலாளர் பதவியில் இருந்தார், பேசுவதை மட்டும் விட்டுவிட்டார். கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடியுமுன் எழுந்து போய்விடுவார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து நின்றார். “உனக்கு முன்னாலேயே தெரியுமா?” என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். “தெரியுங்க ஐயா” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். முழுக்கைச் சட்டையின் ஒரு பொத்தான் போடாமல் இருந்தது. அம்மாவிடம் சொன்னபோது, “பாவம்டி, விட்டுரு” என்றாள். அவளால் விட முடிந்தது. என்னால் முடியவில்லை. இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்குப் பரிதாபம் வருவதில்லை, அம்மா மடிக்குள் ஒளித்த கைகள்தான் வருகின்றன.

போன மாதம் மன்றத்து ஹாலில் அவர் நினைவாக ஒரு கண்ணாடி அலமாரி வைத்தார்கள். அவர் கண்டெடுத்த பொருள் ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று புதிய தலைவர் கேட்டார். வெளியூரிலிருந்து வந்தவர், அவருக்கு நடந்தது தெரியாது. செயலாளர் திரும்ப வாங்கிக்கொள்ளாமலே விட்ட வில்லையையும் வயலட் மை அட்டையையும் கொடுத்தேன். அவர் அதை அம்மாவின் ஓட்டுக்கு அடுத்த தட்டிலேயே, விளக்குக்குக் கீழே பார்த்து வைத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். முதலில் தன் பெயரைப் படித்தாள். அது என்ன பெயர் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. வேண்டுமென்றால் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்து அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பட்டங்களைக்கூட விடவில்லை. கண்ணாடிக்கு மேலே அந்த மூன்று கோட்டை நகத்தால் ஒருமுறை தடவினாள்.

“ஏளா, இந்த அடிமண்ண அவர் பேரப் போட்டா வச்சிருக்க? தாயில்பட்டிக்காரி எவ வந்தாலும் சிரிப்பாளே.”

“சிரிக்கட்டும்மா. கண்டெடுத்தவர் பெயரோட வைப்போம்னு அவர்தான சொன்னாரு.”