கறுப்பு வெள்ளையில் ஆறு கோடுகள்

என் மேசை இழுப்பறையில், லேப்டாப் சார்ஜருக்கு அடியில், நான்காக மடித்த ஒரு ஏ4 தாள் இருக்கிறது. சாதாரணக் கறுப்பு வெள்ளை பிரிண்ட். ஆறு கோடுகள் ஏறியும் இறங்கியும் ஓடுகின்றன. ஒவ்வொரு கோட்டின் வலது முனையிலும் நீலப் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு பெயர், கன்னடத்தில், இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில். எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் வேலை செய்யும் இந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் யாரும் எதையும் பிரிண்ட் எடுப்பதில்லை. நான் மட்டும் எந்த சார்ட்டை அனுப்புவதானாலும் முதலில் கறுப்பு வெள்ளையில் ஒரு தாள் எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். டீமில் இருக்கிற பிள்ளைகள் இதைக் கிண்டல் செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

பதினைந்து வருடம் முன்பு ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு கார்மெண்ட் ஃபேக்டரியில் எனக்கு முதல் வேலை. மாடியில் கம்ப்யூட்டர் அறை, கீழே தையல் தளம். தளத்தில் ஆறு லைன்கள், அதாவது மிஷின் வரிசைகள். ஒவ்வொரு லைனிலும் எத்தனை சட்டைகள் தையல் சரியில்லாமல் திருத்தத்துக்குத் திரும்பி வந்தன என்று வாராவாரம் கணக்கெடுத்து, சார்ட்டாகப் போட்டு, வருகை பதியும் பஞ்சிங் மிஷின் பக்கத்து போர்டில் ஒட்ட வேண்டும். ஐந்தாம் லைனைப் பார்த்துக்கொண்டவர் ஜீவனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஓர் அக்கா. என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். எட்டு வருடம் மிஷினில் உட்கார்ந்து தைத்தவரைத் தற்காலிக சூப்பர்வைசராகப் போட்டிருந்தார்கள். டெய்லர்களுக்குப் பச்சை ஏப்ரன், சூப்பர்வைசர்களுக்கு நீலம். வேலையை நிரந்தரமாக்கினால்தான் நீலம் கிடைக்கும். அக்கா அந்த நீலத்துக்காகக் காத்திருந்தது தளத்தில் எல்லோருக்கும் தெரியும். அவரும் மறைக்கவில்லை.

எனக்கோ அப்போது எக்செல்லில் என்னென்ன வித்தை உண்டோ அத்தனையையும் ஒரே சார்ட்டில் கொட்டிவிட வேண்டும் என்ற வெறி. பின்னணிக்கு அடர்ந்த சாயம், கோடுகளுக்கு நிழல், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வைரக்கல், அடியில் எந்த நிறம் எந்த லைன் என்று சொல்லும் ஆறு குட்டிக் கட்டங்கள். ஸ்க்ரீனில் பார்த்தால் தீபாவளிக்கு முந்தின நாள் ஜவுளிக்கடை மாதிரி ஜொலிக்கும். ஆனால் ஆபீஸ் பிரிண்டர் கறுப்பு வெள்ளை. ஆபீஸ் பையன் அதில் ஒரு தாள் எடுத்துக் கீழே ஒட்டுவான். நான் இறங்கிப் போய் அதைப் பார்த்ததே கிடையாது. ஏசி அறையை விட்டு எழுந்திருக்க யாருக்கு மனசு வரும்!

அந்த வியாழக்கிழமை, சட்டை வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வரப்போகிறார்கள் என்று ஜி.எம். தளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். போர்டில் ஒரு கோடு மட்டும் விர்ரென்று மேலே போயிருந்தது. அவர் குனிந்து அடியிலிருந்த கட்டங்களைப் பார்த்தார், ஐந்தாம் லைன் என்று முடிவு செய்தார், அங்கேயே அக்காவைக் கூப்பிட்டார். டீ நேரம். அறுபது பேருக்கு முன்னால் கத்தினார். அக்கா, "சரி சார், பாத்துக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போய் அன்றைக்குத் தைத்த ஒவ்வொரு காலரையும் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். தாளில் போட்டிருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் நம்பியிருக்கிறார்.

மத்தியானம் சேதி மாடிக்கு வந்தது. முதன்முறையாக இறங்கிப் போய் போர்டைப் பார்த்தேன். மூன்றாம் லைனின் சிவப்பும் ஐந்தாம் லைனின் பச்சையும் தாளில் ஒரே சாம்பல். மேலே ஏறியது சிவப்பு. அக்காவின் பச்சை எல்லாவற்றுக்கும் கீழே, தளத்திலேயே மிகக் குறைவாக, சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன்? பேசாமல் மாடி ஏறினேன். நானும் புரொபேஷனில் இருந்தேன். அடுத்த திங்கட்கிழமை சார்ட்டைச் சரியாகப் போட்டுவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம், நிரந்தரமாக்க வேண்டியவர்களின் பட்டியலை ஜி.எம். கையால் எழுதிக் கொடுத்தார். அதில் அக்கா பெயர் இல்லை. அதை டைப் செய்து ஹெட் ஆபீசுக்கு அனுப்பியதும் நான்தான்.

சனிக்கிழமை காலை அக்கா செருப்பை வெளியே விட்டுவிட்டு, போர்டில் இருந்த தாளோடு கம்ப்யூட்டர் அறைக்குள் வந்தார். "மேடம், ஒரு நிமிஷம். இதுல என் கோடு எது?"

மானிட்டரை அவர் பக்கம் திருப்பினேன். "இதோ, இந்தப் பச்சை. எல்லாத்துக்கும் கீழ இருக்கே, அதுதான்க்கா."

அக்கா குனிந்து பார்த்தார். "கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் இருக்குது. கீழ எல்லாம் சாம்பலாத்தானே வருது? அப்ப யாரு பாக்கறதுக்கு மேடம் இதைப் போட்டீங்க?"

இன்றைக்கும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் முன்னால் அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன். அப்போது அவசர அவசரமாக, ஜி.எம்.முக்கு உடனே மெயில் போடுகிறேன் என்றேன்.

"மெயிலா? என்னை மெயில்லயா திட்டுனாரு? பஞ்சிங் மிஷின்கிட்ட நிக்க வெச்சு திட்டுனாரு. நீங்களும் அங்கயே வந்து சொல்லுங்க."

அந்தச் சாயத்தையும் நிழலையும் வைரக்கல்லையும் எடுத்துவிட்டு வெறும் கோடுகளை மட்டும் பிரிண்ட் எடுத்தேன். அக்கா என் பேனாவை வாங்கி, எந்தக் கோடு எந்த லைன் என்று என்னைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொன்றின் முனையிலும் பெயர் எழுதினார். மூன்றாம் லைனுக்கு வந்ததும் பேனா நின்றது. "இந்த வாரம் அவங்களுக்கு வழுக்கற துணி மேடம். பாதிப் பேரு புதுசு. அதையும் எழுதணும். இல்லாங்காட்டி நாளைக்கு அந்தப் பொம்பளைய நிக்க வெச்சிடுவாங்க." அந்த உச்சிக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதினார். திட்டு வாங்கி இரண்டு நாள்கூட முழுசாக ஆகவில்லை. அவர் இடத்தில் நானாக இருந்தால் மூன்றாம் லைன் பெயரைத்தான் முதலில், கொட்டை எழுத்தில் எழுதியிருப்பேன்.

திங்கட்கிழமை காலை பஞ்சிங் நேரத்தில் அந்தத் தாளைப் போர்டில் ஒட்டி, எல்லோருக்கும் முன்னால், தமிழிலும் என் ஓட்டைக் கன்னடத்திலும் படித்துச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். ஜி.எம். கேட்டுவிட்டு, "ஓகே ஓகே, நெக்ஸ்ட் டைம் கேர்ஃபுல்லா இரும்மா" என்று நகர்ந்துவிட்டார். என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டியல் மட்டும் போனது போனதுதான். அடுத்த பட்டியலுக்கு ஆறு மாதம். அத்தனை நாளும் அக்கா பச்சை ஏப்ரனோடு மறுபடி மிஷினில் உட்கார்ந்தார். அதன்பின் வேறொரு ஃபேக்டரியில் நீல ஏப்ரன் போட்டார் என்று கேள்விப்பட்டு எனக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு நான் போட்ட சார்ட் எதிலும் அந்தக் குட்டிக் கட்டங்கள் கிடையாது. கோட்டின் பக்கத்திலேயே பெயர். சொல்ல வேண்டிய கோடு ஒன்று அழுத்தமாக, மற்றவை மெலிதாக. எங்கே ஒன்று திடீரென்று ஏறுகிறதோ விழுகிறதோ அங்கே ஏன் என்று ஒரு வரி. இப்போது என்னை ட்ரெய்னிங் எடுக்கச் சொல்கிறார்கள், கை தட்டுகிறார்கள். இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன்.

போன மாதம் அக்காவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. அவருடைய இப்போதைய ஃபேக்டரியின் நோட்டீஸ் போர்டு. சாம்பல் நிறத்தில் எட்டுக் கோடுகள், முனைகளில் நீலப் பேனாவால் பெயர்கள், அதே இடப்பக்கச் சாய்வு. கூடவே குரல் பதிவு: "எவனோ நல்லாப் படிச்சவன் போட்டிருக்கான் மேடம். பேரு நம்மதான் எழுத வேண்டியிருக்குது." விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும், இத்தனை வருடம் உள்ளே அடைத்து வைத்திருந்ததை டைப் செய்தேன். அக்கா, நீங்கள் சனிக்கிழமை வந்து கேட்பதற்கு முன்னாலேயே, வியாழக்கிழமையே அது உங்கள் கோடு இல்லை என்று எனக்குத் தெரியும்.

அரைமணி நேரம் கழித்துப் பதில் வந்தது. பின்னால் தையல் மிஷின் சத்தம்.

"தெரியும் மேடம். அன்னிக்கு மத்தியானம் நீங்க போர்டுகிட்ட நின்னுகினு இருந்தீங்க இல்ல, நான் செக்கிங் டேபிள்ல இருந்து பாத்துகினுதான் இருந்தேன். உங்க மூஞ்சியப் பாத்ததும் புரிஞ்சிபோச்சு. நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு ரெண்டு நாள் இருந்தேன். சரி விடுங்க, சாப்பிட்டீங்களா?"

இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை விரித்தேன். ஆறு கோடுகளுக்கும் பெயர் இருக்கிறது. ஏறினதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் போட்டவள் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. கீழ் ஓரத்தில் என் பெயரை எழுதினேன். நீலப் பேனா தேடினேன், கிடைக்கவில்லை. கறுப்பில்தான் எழுதினேன்.