கை கழுவாத மரியாதை

லேப்பிலிருந்து வரும் போனை எடுக்கவே எனக்குப் பிடிக்காது. கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தொற்றுத் தடுப்பு நர்ஸாக இருந்தேன். நல்ல சேதி சொல்ல அங்கிருந்து யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

அன்றைக்கு வந்தது ராமசாமியின் கல்ச்சர் ரிப்போர்ட், புண்ணிலுள்ள கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்த்த சோதனை முடிவு. சத்தியமங்கலத்துக்காரர். டிராக்டர் ஏறிக் கால் நசுங்கி, ஆபரேஷனுக்குப் பிறகு சீழ் வைத்திருந்தது. மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக ‘ஆர்’. அந்த மருந்துகள் எதற்கும் கிருமி மசியாது என்று அர்த்தம். மிச்சமிருந்தது ஒரே மருந்து, அதுவும் கிட்னியைப் பதம் பார்ப்பது. தனி ரூம் கிடைக்கவில்லை. வார்டு மூலையில் திரை கட்டிப் படுக்க வைத்தோம்.

அவருக்குத் துணைக்கு ஆளில்லை. ஓர் ஆளைப் போடுங்கள் என்று மேலே கேட்டேன், நடக்கவில்லை. பக்கத்து பெட்டில், இடுப்பு ஆபரேஷன் செய்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த சுமதிதான் அவருக்குத் தண்ணீர் கொடுப்பாள், போர்வையைச் சரிசெய்வாள். அதே கையோடு அம்மாவிடம் போவாள்.

“ஏனம்மணி, அவரைத் தொட்டா ஒடனே கை கழுவோணும்னு எத்தன தடவ சொல்றது?” என்று கத்தினேன்.

“மெதுவாப் பேசுங்க சிஸ்டர், அவருக்குக் கேட்டுப்போடும். ஒரு மனுசரைத் தொட்டுப்போட்டு அவரு முன்னாலயே கை கழுவுனா மனசு என்ன பாடுபடுமுங்க?”

அவசரத்தில் கழுவ மறக்கிற டாக்டர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். மரியாதைக்காகக் கழுவாதவளை அன்றுதான் பார்த்தேன். திரைக்குள் போகவே கூடாது என்று கண்டித்தேன். அவர் தண்ணீர் கேட்டதும் மறுபடி உள்ளே போய்விட்டாள்.

அம்மாவின் தையலில் சீழ் கட்டியது. அதே கிருமி, அதே ‘ஆர்’ வரிசை. அந்த ஒற்றை மருந்தைக் கொடுத்தோம், கிட்னி தாங்கவில்லை. அம்மா இறந்துபோனார்.

“நாந்தான் பண்ணிப்போட்டனுங்களா சிஸ்டர்?” என்று கேட்டாள் சுமதி.

“எங்க கையிலிருந்தும் வந்திருக்கலாம் அம்மணி” என்றேன். பொய்யில்லை. ஆனாலும் அவள் நம்பவில்லை.

நசுங்கிய காலை வெட்டியெடுத்த பிறகு ராமசாமி பிழைத்தார். டிஸ்சார்ஜ் அன்று, “தண்ணி குடுத்த அந்த அம்மணி எங்கீங்க? சொல்லிப்போட்டுப் போலாம்னு பாத்தேன்” என்றார்.

“ஊருக்குப் போயிட்டாங்க.”

என் கையைப் பிடித்துக் கும்பிட்டார். அவர் பார்க்கவே வாஷ்பேசினில் கை கழுவினேன். அவர் முகம் சுருங்கியது.

“உங்க மேல அருவருப்பு இல்லீங்க. அடுத்த பெட்டுக்காரங்களுக்காகத்தான்.”

“அந்த அம்மணி ஒரு நாளும் கழுவுனதில்லீங்க” என்றார் ராமசாமி. “தங்கமான மனசு.”

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, நோயாளியிடம் காரணத்தைச் சொல்லிவிட்டுக் கை கழுவுங்கள். அவருக்குப் புரிந்தால்தான் பக்கத்தில் நிற்கிற சுமதிகளும் கூசாமல் கழுவுவார்கள்.