கர்க்லாண்டில் கடல் கள்ளர்கள்

தங்கையைப் பார்க்கச் சென்னையிலிருந்து மொன்ட்ரியால் வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, கர்க்லாண்ட் பூங்காவில் ரக்பி ஆட்டம். காலையில் பெய்த மழையில் திடல் சேறாகிக் கிடக்கிறது. ஓர் அணி கறுப்புச் சட்டை போட்டிருக்கிறது. நெஞ்சில் வெள்ளை மண்டையோடு. பெஞ்சில் என் பக்கத்தில் தங்கையின் அடுத்த வீட்டு வசந்தி, யாழ்ப்பாணத்துக்காரர். கறுப்பு அணியில் அவர் கணவர் குகன் ஆடுகிறார்.

"மண்டையோடு எதுக்கு வசந்தி?"

"கடற்கொள்ளையர் அக்கா. கப்டன் இங்கிலாந்தின்ர மேற்கு நுனி, கோர்ன்வால் ஆள். அங்கத்த ரக்பிக்காரருக்கு இந்தப் பேர் இருக்காம். அவையின்ர பழைய பாஷையில 'மோர்லாடர்'. மோர் எண்டால் கடல், லாடர் எண்டால் கள்ளன்."

பிறகு குரலைத் தாழ்த்துகிறார். "நாங்கள் வள்ளத்தில இந்தியாவுக்குப் போகேக்க கடல் கள்ளர் மறிச்சு என்ர தாலிக்கொடியைப் பறிச்சவங்கள். இந்தச் சட்டையைப் போட வேண்டாமெண்டு இவரோட சண்டை பிடிச்சனான். பேந்து கப்டன் வீட்டை வந்து கதைச்சவர். முந்தி அவையின்ர கரையிலயும் கொள்ளையர் கப்பலில வந்து சனத்தை அடிமையாப் பிடிச்சுக்கொண்டு போனவங்களாம். அப்ப பயந்த பேரையே இப்ப நாங்கள் எடுத்து விளையாடுறம் எண்டார். அதுதான் இண்டைக்கு முதல்முதலாப் பாக்க வந்தனான்."

பந்து குகன் கைக்கு வருகிறது. இரண்டு பேரை உதறிவிட்டு ஓடுகிறார். வசந்தி பெஞ்சின் மேலேயே ஏறிவிடுகிறார். "ஓடுங்கோ! விடாதேங்கோ!"

எல்லைக்கோட்டுக்கு அப்பால் குகன் பந்தோடு சேற்றில் விழுகிறார். புள்ளி கிடைத்துவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் மூச்சிரைக்க வந்து நிற்கிறார். "பாத்தனீரோ?"

"ஓம், பாத்தன்."

வசந்தி கைக்குட்டையை எடுத்து, அந்த மண்டையோட்டில் அப்பியிருந்த சேற்றை மெதுவாகத் துடைத்துவிடுகிறார்.