ஜரிகை சுற்றிய சாவி

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்று வளர்த்தது நான்கு. மூன்று பெண், ஒரு பையன். மற்ற மூவரைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் இது என் கடைசிப் பெண்ணைப் பற்றியது. அவள் சின்ன காஞ்சிபுரத்தில் கார்களுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறாள். சொந்தக் கடை. பலகையில் அவள் பெயர்தான் இருக்கிறது, புருஷன் பெயர் இல்லை. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அந்தப் பலகையை மட்டும் கூட்டாமல் படித்துவிடுவேன்.

எங்களுடையது நெசவுக் குடும்பம். இவள் தறிக்குழியில் இறங்க மாட்டேன் என்றபோது வீட்டில் யாரும் அழவில்லை. ஐ.டி.ஐ.யில் படித்தாள். ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் பல வருஷம் வேலை செய்தாள். போன தை மாதம்தான் தனியாகக் கடை போட்டாள். காலையில் டிபனை எடுத்துக்கொண்டு போகிற நான், பெரும்பாலும் மத்தியானம்வரை அங்கேயே இருந்துவிடுவேன். எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் எழுப்பிவிடுவேன்.

அன்றைக்கு நான் இட்லிப் பாத்திரத்தை இன்னும் திறக்கக்கூட இல்லை, அதற்குள் தெருமுனையில் ஒரு காரைத் தள்ளிக்கொண்டு நாலைந்து பேர் வந்தார்கள். பக்கத்துத் தெரு நெசவாளியின் கார். முந்தின நாள் சாயங்காலம் என் பெண்தான் அதற்குப் புது பேட்டரி போட்டுக் கொடுத்திருந்தாள். முன்சீட்டில் அவருடைய சம்சாரம் உட்கார்ந்திருந்தாள். முட்டிவலிக்காரி, மாகறல் கோயிலுக்குக் கிளம்பியவள், பூக்கூடை மடியில். ஆட்கள் தள்ளத் தள்ள, சாமி ஊர்வலம் மாதிரி அப்படியே இருந்தாள்.

நெசவாளி வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

"நேத்து வரைக்கும் ஒழுங்கா ஓடின வண்டிமா. நீ கை வச்ச, நின்னு போச்சு. இன்னா பண்ணி வச்ச?"

"பேட்டரி மட்டும்தாண்ணா மாத்தினேன். நீங்களே ஓட்டிக்கினுதானே வீட்டுக்குப் போனீங்க?"

"போனேன். காலைல ஏந்து சாவி போட்டா செத்துப் போச்சு."

அதோடு விட்டிருக்கலாம். எதிரே இருக்கிற டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டு, கூட்டத்தில் பேசுகிற மாதிரி சத்தமாகச் சொன்னார். "பொம்பள கிட்ட எலக்ட்ரிக் வேலைய வுட்டது என் தப்புப்பா."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எங்கள் தெருக்காரர்கள். நெசவுத் தெருவில் ஒரு பேச்சு கிளம்பினால் அது தறிக்குத் தறி போய்விடும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லா வீட்டிலும் இருக்கும். கடை போட்டு வருஷம் திரும்பாத பெண்ணுக்கு அந்த ஒரு வார்த்தை போதும், கடையை மூட. அவளோ சாவியை வாங்கிக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்தாள்.

சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றியது. சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. ஒரு நொடி பிடிப்பது போலிருக்கும், அணைந்துவிடும். ஸ்டியரிங்குக்கு முன்னால் உள்ள கண்ணாடியில் ஒரு குட்டிப் பூட்டுப் படம் சிவப்பாக மினுக் மினுக்கென்றது.

"பேட்டரி நல்லா இருக்குது," என்றாள் என்னிடம் மெதுவாக. "திருட்டுப் பூட்டுதான்மா புடிச்சிக்கினு இருக்குது."

அந்தத் திருட்டுப் பூட்டைப் பற்றி அவள் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். சாவியின் தலைக்குள் அரிசி அளவில் ஒரு சில்லு இருக்கிறதாம். சாவி போடுகிற ஓட்டையைச் சுற்றி ஒரு கம்பி வளையம். வளையம் கூப்பிடும், சில்லு பதில் சொல்லும். சரியான பதில் வந்தால்தான் உள்ளே இருக்கிற பெட்டி இன்ஜினுக்குப் பெட்ரோல் விடும். பதில் வராவிட்டால் வண்டிக்குச் சொந்தக்காரனும் திருடன்தான்.

"ரெண்டாவது சாவி இருக்குதாண்ணா?"

"அது பையன் கிட்ட. அவன் ஓசூர்ல கிறான்."

"நேத்து நான் குடுத்ததுக்கு அப்புறம் வண்டில யாராவது கை வச்சாங்களா?"

"வண்டிய ஒருத்தரும் தொடல. எங்க வீட்டு வாசல்லதான் நின்னுக்கினு இருந்துது."

அவர் பொய் சொல்லவில்லை. வண்டியை யாரும் தொடவில்லைதான்.

அவள் வேலையை ஆரம்பித்தாள். பியூஸ் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாள். மீட்டரின் இரண்டு ஊசிகளையும் வைத்துக் கரண்ட் வருகிறதா என்று பார்த்தாள், வந்தது. எர்த் ஒயரைச் சுரண்டித் துடைத்து மறுபடி முறுக்கினாள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் மூடியைக் கழற்றி, மல்லாக்கப் படுத்துக்கொண்டு, அந்த வளையத்தின் இணைப்பைப் பிடுங்கி அதையும் அளந்தாள். வளையம் அறுபடவில்லை. முன்சீட்டில் இருந்த அம்மாள் இறங்கவே இல்லை. "என் காலுக்குக் கீழ இன்னா இருக்குதுன்னு நல்லா பாரும்மா, எலி கூட இருக்கும்," என்று யோசனை வேறு சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்த என் பெண்ணின் முகம் சரியாக இல்லை. கையைத் துடைப்பது போல என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யம்மா, நேத்து பேட்டரிய கழட்டறப்போ சாவிய ஆஃப் பண்ணேனா இல்லியா, ஞாபகம் வரல."

"பண்ணாட்டி இன்னா ஆவும்?"

"பெட்டி அடி வாங்கியிருக்கலாம். கொஞ்ச நேரம் ஓடிட்டு அப்புறம் நிக்கலாம். அப்படின்னா அவர் சொல்றதுதான் சரி."

அவ்வளவுதான் சொன்னாள். சின்னதில் இருந்தே அழுகிற பெண் இல்லை அவள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொள்வாள். அப்போதும் கடித்துக்கொண்டாள். சாவியை என் மடியில் போட்டுவிட்டு, பெட்டி இருக்கும் இடத்தைப் பார்க்கப் போய்விட்டாள்.

சும்மா இருந்த கைக்குச் சாவி வந்தது. தலை முழுக்கப் பொன்னாக மின்னியது. ஜரிகையை இடைவெளி தெரியாமல், அடுக்கடுக்காக, நெருக்கமாகச் சுற்றிக் கட்டியிருந்தார் நெசவாளி. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் இதென்ன கோலம் என்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் புதுக் கத்தரிக்கோலுக்கும் ஜரிகை கட்டுவோம், பிள்ளையின் புது ஜியாமெட்ரி பெட்டிக்கும் கட்டுவோம். ஆகவே அவளும் பார்த்தும் பார்க்காமல் விட்டாள், நானும்தான். ஆனால் ஜரிகை கைக்கு வந்தால் சுரண்டிப் பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியாது. நுனியை நகத்தால் சுரண்டினேன். உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தது, அசல் ஜரிகைக்கு அதுதான் அடையாளம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்பா, முகூர்த்தப் புடவைக்குப் போடற சுத்த ஜரிகை இது. வெள்ளி இருக்கிற ஜரிகைய எவனாவது சாவில சுத்துவானா?"

"நேத்து ராத்திரி சாவி கீழ வுழுந்து தலை வெடிச்சிப் போச்சுக்கா. பிரியக் கூடாதுன்னு சுத்தினேன். கைல மிச்ச ஜரிகை இருந்துது," என்றார். அதில் ஒரு பெருமை வேறு. "பாரு, கம்பெனிக்காரன் கூட இப்படிக் கட்ட மாட்டான்."

வண்டிக்குள்ளிருந்து என் பெண்ணின் தலை வெளியே வந்தது.

"யம்மா, இன்னா சொன்ன? வெள்ளியா?"

"வெள்ளிதான். பட்டு நூலு மேல வெள்ளிக் கம்பிய சுத்தி, அதுக்கு மேல தங்க முலாம். ஏன்?"

ஓடி வந்து சாவியைப் பிடுங்கினாள். மீட்டரின் ஒரு ஊசியைச் சுற்றின் இந்த ஓரத்திலும் இன்னொன்றை அந்த ஓரத்திலும் வைத்தாள். மீட்டர் பீப் என்று கத்தியது. எடுத்து மறுபடி வைத்தாள், மறுபடியும் கத்தியது.

"அண்ணா, இது நூல் இல்ல. கம்பி. வளையம் கூப்பிடறத எல்லாம் இதுவே குடிச்சிடுது. உள்ள இருக்கிற சில்லுக்குப் போய்ச் சேரவே இல்ல."

அவர் சிரித்தார். "ஜரிகை கார நிறுத்துமா? எங்க தாத்தா காலத்துல இருந்து ஜரிகை தொடறோம்மா நாங்க." டீக்கடையிலும் சிரித்தார்கள். இரண்டு பேர் டம்ளரோடு சாலையைக் கடந்து வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். இவள் சொன்னது தப்பாகப் போனால் வண்டியைக் கெடுத்தாள் என்பதோடு, ஜரிகை மேல் பழி போட்டாள் என்றும் சேர்த்துப் பேசுவார்கள்.

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அறுக்காத," என்றார் அவர். நெசவாளி அல்லவா. சாவியை வாங்கி, முடிச்சை அவிழ்த்து, ஜரிகையை விரலில் சுற்றிக்கொண்டே பிரித்தார். அவசரப்படவே இல்லை. அத்தனை பேரும் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசிச் சுற்று வந்ததும் வெடித்த கறுப்புத் தலை வெளியே தெரிந்தது. அது பிரியாமல் என் பெண் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வண்டிக்குள் கையை விட்டுத் திருப்பினாள்.

உடனே பிடித்தது. பூட்டுப் படம் அணைந்தது. முன்சீட்டு அம்மாள் பூக்கூடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "கிளம்பலாங்களா?" என்றாள்.

என் பெண் கிளம்ப விடவில்லை. இன்ஜினை அணைத்தாள். "மறுபடியும் சுத்துங்கண்ணா."

"ஓடுதே, எதுக்கு?"

"சுத்துங்க."

சுற்றினார். சாவி போட்டாள். இன்ஜின் பிடித்து, அணைந்தது. படம் மினுக்கியது. பிரித்தார். போட்டாள், ஓடியது. இப்போது டீக்கடைக்காரரே அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்றார். "இன்னொரு தரம் சுத்துப்பா, நான் பாக்கல," என்றார்.

நெசவாளி விரலில் இருந்த ஜரிகையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நல்ல மனுஷன், அதையும் சொல்ல வேண்டும். முணுமுணுத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. முதலில் எந்தச் சத்தத்தில் பேசினாரோ அதே சத்தத்தில், அதே டீக்கடைப் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"யப்பா, கேட்டுக்கோங்க. வண்டியக் கெடுத்தது நான். கண்டுபுடிச்சது இந்தப் பொண்ணு."

சாவித் தலைக்கு என் பெண் கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்தாள். அவருக்கு அது அழகாக இல்லை. "பட்டு நூல் சுத்தலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா சுத்துங்கண்ணா. பட்டுல கரண்ட் போவாது."

வண்டி மாகறலுக்குப் போனது. அந்தப் பேச்சு தறிக்குத் தறி போனது. மறுநாளில் இருந்து நெசவுத் தெரு வண்டிகள் எல்லாம் எங்கள் வாசலில்தான். சில பேர் சும்மா வந்து சாவியை மட்டும் நீட்டி, "இதுல கட்டியிருக்கிறது பரவால்லியாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான்தான் நகத்தால் சுரண்டிப் பார்த்துச் சொல்வேன். அன்றைய வெற்றியில் பாதி எனக்கு என்று நான் சொல்கிறேன். கால்வாசி என்கிறாள் அவள். நான் பாதியில் இருந்து இறங்குவதாக இல்லை.

இதை எழுதி முடிக்க எனக்குப் பல நாள் ஆயிற்று. நேற்று அவளுடைய மகளைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, கடை வாசலில் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

"கைய தொடச்சிட்டு வா. ஆயா எழுதினத படிச்சிக் காட்டு."

"முழுசாவா ஆயா?"

"முழுசா. அந்த மனுஷன் டீக்கடையப் பாத்து பேசின இடம் ரெண்டு வருது. ரெண்டாவது தரம் வர்றப்போ நல்லா சத்தமா படி. எதிர்ல கூட்டம் இருக்குது பாரு."