பட்டை விழாத பெண்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். பேய் பார்த்ததாகச் சொன்னவர்களைப் பார்த்து நானும் அப்படித்தான் சிரித்தேன். கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்துப் பிழைக்கும் எனக்கு, பந்தி முடிந்துவிட்டது என்று சொல்லும் சமையல்காரரைத் தவிர வேறு பயமே இருந்ததில்லை.

கேமரா வாங்குகிறவர்கள், அது நொடிக்கு இருபத்தைந்து படம் எடுக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் ஊர் கரண்டுக்கு அதுதான் ஒத்துவரும். புத்திசாலியான நான் லென்ஸின் பளபளப்பில் மயங்கி, யாரோ அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய கேமராவை வாங்கிவிட்டேன். அதில் முப்பதுதான் உண்டு. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கும்.

என் மனைவி கவிதா வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையருக்குக் கம்பெனியைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்றதும் என்னைச் சிபாரிசு செய்தாள். அங்கே முழுக்க டியூப்லைட்தான். போய் எடுத்தேன், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டேன், நினைத்தபடியே எல்லாவற்றின் மேலும் பட்டை. சுவர், துணிக்கட்டு, தைப்பவர்களின் முகம், எதுவும் தப்பவில்லை. கடைசி ஓவர்லாக் தையல் மிஷினில் குனிந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைத் தவிர. அவள் தலைக்கு மேலே சுவரில் ஓடிய பட்டை, காலுக்குக் கீழே தரையிலும் ஓடியது. அவள் மேல் மட்டும் விழவில்லை.

"கவிதா, இது ஆரு?"

அவள் எட்டிப் பார்த்தாள். "அந்த மிஷின் ரிப்பேருங்க. அதுல ஆரும் ஒக்கார்றதில்லீங்க."

ஏதோ கோளாறு என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, நண்பனிடம் இருபத்தைந்து எடுக்கும் கேமராவை இரவல் வாங்கி மறுநாள் மத்தியானம் மறுபடி போனேன். அதில் பட்டையும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை. அதோடு விட்டிருக்கலாம். என் கை சும்மா இருக்குமா, என் கேமராவையும் ஆன் செய்தேன். நம்பினால் நம்புங்கள், அதிலும் மிஷின் காலி. அப்பாடா என்று கேமராவைத் திருப்பினால், செக்கிங் மேஜையில் கவிதாவின் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண் நிற்கிறாள். குனிந்து, கவிதாவின் காதருகே முகத்தை வைத்திருக்கிறாள். திரையிலிருந்து கண்ணை எடுத்து நேராகப் பார்த்தேன். கவிதா மட்டும்தான் துணியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

கவிதாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தேன். தையல் லைனே சிரித்தது.

"வேலைய உட்டுரு. இனி இங்க வராதே."

"உங்க கேமராவ நம்பி ரெண்டு பேரும் சோறு திங்க முடியுங்களா? மொதல்ல அதைத் தலைமுழுகுங்க, எல்லாஞ் செரியாப் போயிரும்."

ஆனாலும் என் முகத்தைப் பார்த்துப் பயந்து, லீவு சொல்லிவிட்டு வந்தாள். வண்டியில் வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவள் பழக்கமே இல்லை.

சாயங்காலம் மழை மூட்டம். வீட்டில் டியூப்லைட்டைப் போட்டோம். அவளுக்குப் பின்னால் யாரும் வந்துவிடவில்லையே என்று பார்க்கத்தான் கேமராவை எடுத்தேன். யாரும் இல்லை. பெருமூச்சு விட்ட பிறகுதான் கவனித்தேன். பட்டை சுவரில் ஓடியது, பீரோவில் ஓடியது, குறுக்கே நீட்டிய என் கையின் மேல் ஓடியது. கவிதாவின் மேல் ஓடவில்லை.

"படத்துல எப்படி உளுந்திருக்கறனுங்க?" என்று சிரித்தாள்.

"நல்லா இருக்கறே" என்றேன்.

இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. சமையலிலும் திட்டுவதிலும் குறட்டையிலும் ஒரு மாற்றமும் இல்லை, அவள் கவிதாவேதான், சத்தியமாக. அன்று வீட்டில் எடுத்த அந்தப் பதிவைத் தொலைத்துவிடலாம் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்கும். அப்போது அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்கும். அழித்தால் எது அழியும் என்று தெரியாமல், வேண்டாம் என்று அமுக்கிவிட்டு எழுந்துவிடுகிறேன்.