சொந்த வீட்டில் விருந்தாளி

கல்லூரியில் அவரைச் சி.ஐ.டி. மேடம் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். லிஃப்டில் ஏறுகிறவர்கள் ஏன் கதவைப் பார்த்தே நிற்கிறார்கள், துக்க வீட்டில் முதலில் சிரிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது, மாமனார் வீட்டில் ஒரு மருமகன் எப்போது கால் நீட்டி உட்காரத் தொடங்குகிறான் என்பவை போன்ற கேள்விகளைத் துரத்தித்தான் அவர் சமூகவியல் பேராசிரியர் ஆனார். இதற்கெல்லாம் சம்பளம் தருகிறார்கள் என்பதை அவருடைய சொந்தக்காரர்கள் கடைசிவரை நம்பவில்லை. வங்கியில் காசாளராக இருந்த கணவர் விருந்தினர்களை எச்சரித்துத்தான் உள்ளே விடுவார்: “இங்க தும்முறதுன்னாக்கூட யோசிச்சுத் தும்முங்க. அடுத்த வருஷம் புத்தகத்துல வந்துடும்.”

அவருடைய அப்பா பஸ் டிரைவர். விடுமுறை நாட்களில் இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்து சீட்டில் மகளை உட்காரவைத்து ஓட்டுவார். வீட்டில் தட்டை வைக்கும் சத்தம் கொஞ்சம் கூடினாலே எரிந்து விழுகிற மனிதர், காக்கிச் சட்டை போட்டதும் “பாத்து ஏறுங்கம்மா, அவசரமில்ல” என்று ஆளே மாறிவிடுவார்.

“அப்பா ஏம்மா பஸ்ல மட்டும் நல்லவரா இருக்காரு?” என்று ஒரு நாள் அம்மாவிடம் கேட்டாள் சிறுமி.

“அங்க சம்பளம் குடுக்குறாங்கடி” என்றாள் அம்மா, துணி பிழிந்துகொண்டே.

பின்னாளில் அவர் எழுதிய மூன்று தடித்த புத்தகங்களும் அந்தக் கேள்வியைச் சுற்றியே வந்தன. மனிதர்கள் இடத்துக்கு ஏற்ற பாத்திரத்தை ஏற்கிறார்கள். அதற்கென்று எழுதாத விதிகள் இருக்கின்றன. விதி மீறப்படும்போதுதான் அப்படி ஒரு விதி இருந்ததே தெரியவருகிறது. இதை மாணவர்கள் புத்தகத்தில் படித்தால் போதாது, பட்டு உணர வேண்டும் என்று நினைத்தார். அதற்காக ஒரு பயிற்சி வைத்தார்.

பயிற்சி எளிமையானது. ஒரு மாலை முழுக்க உங்கள் வீட்டிலேயே விருந்தாளியாக இருங்கள். கதவைத் தட்டிவிட்டு நுழையுங்கள். உட்காரச் சொன்ன பிறகு உட்காருங்கள். எதைத் தொடுவதானாலும் அனுமதி கேளுங்கள். சாப்பிட்டதும் நன்றி சொல்லுங்கள். இது பாடம் என்பதை மறுநாள் காலைக்கு முன் யாருக்கும் சொல்லக் கூடாது. நடந்ததை எழுதி வாருங்கள்.

வருஷா வருஷம் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது அந்தக் கட்டுரைகளுக்குத்தான். ஒருத்தியின் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “காய்ச்சல் இல்லையே, அப்புறம் ஏன் இப்படி?” என்றாராம். ஒருவனின் அண்ணன், “நடிக்காத. எவ்வளவு வேணும், அதச் சொல்லு” என்று பர்ஸை எடுத்தானாம். இன்னொருவனின் அப்பா, “காலேஜ்ல சேத்தது என் தப்பு” என்று எழுந்து போய்விட்டாராம்.

ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலமே இருந்த ஒரு வருஷம், ஜன்னலோரம் உட்காரும் பேசாமடந்தை ஒருத்தியின் கட்டுரை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. பேராசிரியரே அதைச் சத்தமாகப் படித்தார். அந்தப் பெண் கதவைத் தட்டியிருக்கிறாள். அப்பாவை ‘சார்’ என்று கூப்பிட்டிருக்கிறாள். அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக், “ஃபிரிட்ஜைத் தொறக்கலாமா சார்?” என்று அவரிடமே கேட்டிருக்கிறாள். முதலில் அவர் சிரித்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. உள்ளே போய், வெளியாட்களுக்கென்று தனியாக வைத்திருந்த பூப்போட்ட தட்டை எடுத்துக் கழுவி, அவள் முன்னால் வைத்தார்.

பூப்போட்ட தட்டுக்கு வகுப்பே சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார்.

“கவனிச்சீங்களா? இவ விருந்தாளி ஆனதும் அவர் தன்னையறியாம விருந்து வைக்கிறவர் ஆயிட்டார். யாரும் சொல்லிக் குடுக்கல. பிரமாதம்!”

எழுதியவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்ததும் பேராசிரியரின் அறை வாசலில் வந்து நின்றாள்.

“மேடம், பாடம்னு சொன்னதும் மத்தவங்க வீட்டுல நம்பினாங்களா?”

“நம்பாம? ஏன், உங்க வீட்டுல?”

“காலையில சொல்லலாம்னு எழுந்தேன். அவர் ராத்திரியே ரிப்பேர் கடைக்குப் போயிட்டார். அங்க போயும் சொன்னேன். சரிம்மான்னார். ஆனா வீட்டுக்கு வரல. அங்கேயே தங்குறார்.”

“அப்பா ரொம்பக் கோவக்காரரோ?”

“கோவமே வராது மேடம். அவர் என்னப் பெத்த அப்பா இல்ல.”

பேராசிரியர் கையில் அந்தக் கட்டுரை இருந்தது. மேலே சிவப்பு மையில் அவரே எழுதிய ‘மிக நன்று’ இருந்தது. அவர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

அன்று மாலையே அவளுடன் வீட்டுக்குப் போனார். அவளுடைய அம்மா அடுப்பை அணைக்காமலே பேசினாள். குரலில் சண்டை இல்லை; அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“இவள கையில புடிச்சுக்கிட்டு இந்த வீட்டுக்கு வந்தப்போ ரெண்டாவது படிச்சா, மேடம். அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டா. தூணத் தட்டிக் கூப்பிடுவா. அவரும் தூண் தட்டினா திரும்பிப் பாப்பார். போன வருஷம் உங்க காலேஜ்ல சேக்கப் போனோம். ஆபீஸ்ல, கூட வந்தவர் யாருன்னு கேட்டாங்க. அப்பான்னு சொன்னா. மொத தடவ. அந்த மனுஷன் வழியெல்லாம் எங்கிட்ட ஒரு வார்த்த பேசல, வண்டிய மட்டும் ஓட்டினார். வீட்டுக்கு வந்து குளியலறையில போய்க் கதவச் சாத்திக்கிட்டார்.” பாத்திரத்தை மூடினாள். “நீங்க படிச்சவங்க. சொல்லிக் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், யார் வீட்டுல என்னன்னு.”

இத்தனை வருஷமும் எத்தனை வீடுகளுக்குள் அந்தப் பயிற்சியை அனுப்பியிருக்கிறோம் என்று பேராசிரியர் நினைத்துப் பார்த்தார். வெளியே போய்விட்டு நினைத்தபோது திரும்பி வந்து உட்காரக்கூடிய இடம் எல்லாருக்கும் வீட்டில் இருக்கிறது என்று யார் தனக்குச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அவராகவே வைத்துக்கொண்ட முடிவு அது. பூப்போட்ட தட்டுக்கு முதலில் சிரித்தது தானா, மாணவர்களா என்றும் நினைவைத் துழாவிப் பார்த்தார். அதனால் எதுவும் குறையப்போவதில்லை என்று தெரிந்தும் துழாவினார்.

மறுநாள் கடைக்குப் போனார். முதுகு திறந்த ஃபிரிட்ஜுகளுக்கு நடுவே மெக்கானிக் எழுந்து நின்றார். கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூல் மேல் செய்தித்தாள் விரித்து உட்காரச் சொன்னார். ஃப்ளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

“நீங்க இவ்வளவு தூரம் வரணுமா? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே.”

“தப்பு என்னுது. உங்க பொண்ணு மேல ஒண்ணுமில்ல. நான் சொன்னதைத்தான் செஞ்சா.”

“தெரியுதுங்க. பாடம். பாடம்னா செய்யத்தான் வேணும்.” ஃப்ளாஸ்கை மூடிக்கொண்டே கேட்டார்: “மத்த புள்ளைங்க வீட்டுல என்ன செஞ்சாங்க?”

“சிரிச்சாங்க.”

“சிரிப்பாங்க. அவங்களுக்கு அது புதுசு. எங்க வீட்டுல அது பழசுங்க. வந்த புதுசுல தண்ணி குடிக்கக்கூடக் கேட்டுட்டுத்தான் குடிப்பா. அதே குரலு. அன்னிக்கு அவ கதவத் தட்டினப்ப, புள்ள நடிக்குதுன்னு எனக்குத் தோணல. இத்தன நாள் நடிச்சது முடிஞ்சுபோச்சுன்னு தோணிச்சு.”

“அய்யோ, அப்படியில்லீங்க. அவ மனசுல—”

“அத நீங்க சொல்லக் கூடாதுங்க” என்றார் அவர், மிகப் பணிவாக. “டீ ஆறுது.”

பேராசிரியர் டீயைக் குடித்தார். குடிக்கும்போதே அவருடைய கண் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது: விரித்த செய்தித்தாள், தனக்கு மட்டும் கொடுத்த கண்ணாடி டம்ளர், மெக்கானிக் உட்காராமல் நின்றே பேசியது. காயத்தை மரியாதையால் மூடுகிறார் என்று மனசு ஒரு வாக்கியத்தையே கட்டிவிட்டது. எழுத்தில் நன்றாக இருக்கும் என்றும் பட்டது. அதை உணர்ந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

கூட வந்து கடை வாசலிலேயே நின்றிருந்த அந்தப் பெண், “இனிமே நீங்க வராதீங்க மேடம்” என்றாள். “நீங்க வந்தா அவர் இன்னும் மரியாதையா ஆயிடறார்.”

அடுத்த வகுப்பில் அந்தப் பயிற்சி இனிமேல் கிடையாது என்று அறிவித்தார். காரணத்தைச் சொன்னால் அந்தப் பெண்ணை மறுபடியும் எல்லார் முன்னாலும் நிறுத்தியதாகும். அதனால் சொல்லவில்லை. மேடத்துக்கு வயதாகிவிட்டது என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள். துறைத்தலைவர் சமாதானம் சொன்னார்: “ஒரு வீட்டுல ஏதோ ஆச்சுன்னு விட்டுடறதா? மருந்துக்குக்கூடப் பக்க விளைவு இருக்கு.”

“மருந்து குடுக்குறவன் நாடி பாத்துட்டுக் குடுக்குறான். நான் யாரையும் பாக்கல” என்றார் பேராசிரியர். அதைக் கேள்விப்பட்ட நண்பர்களுக்கு அது அடக்கமாகப் பட்டது. அதற்கும் கூசினார்.

அந்தப் பெண் வகுப்பு முடிந்ததும் கடைக்குப் போய்விடுகிறாள் என்று கேள்விப்பட்டார். அங்கே என்ன செய்கிறாள் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

சில வாரங்கள் கழித்து அவளே அறைக்கு வந்தாள். மூச்சு வாங்கியது.

“மேடம், அவர் நேத்து வீட்டுக்கு வந்துட்டார்!”

“எப்படிம்மா?”

“தெனமும் போய் உக்காந்தேன். எதையும் கேக்கல. அவர் ஃப்ளாஸ்க்ல இருந்த டீயக் குடிச்சேன், அவர் டப்பாவுல சாப்பிட்டேன், ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கண்ட எடத்துல போட்டேன். எல்லாத்துக்கும் பரவால்லம்மா, பரவால்லம்மான்னார். நேத்து அவர் கேஸ் நிரப்பிட்டிருந்த ஃபிரிட்ஜோட ப்ளக்கைப் புடுங்கிட்டு என் ஃபோனைச் சார்ஜ் போட்டேன். அவ்வளவுதான். திட்டினார் பாருங்க! தெருவே கேட்டுச்சு. எங்கிட்ட அவர் குரல் ஒசத்தினதே இல்ல, மேடம். திட்டிக்கிட்டே கடையப் பூட்டி, திட்டிக்கிட்டே வண்டியில ஏத்தி, வீடு வரைக்கும் திட்டினார்.”

அவள் சிரித்தாள். கண் நிறைந்திருந்தது.

“என்ன சொல்லித் திட்டினார்?” என்று கேட்டார் பேராசிரியர்.

கேட்ட பிறகுதான் தன் கை பேனாவை எடுத்திருப்பதைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் பார்த்தாள். அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

“அது எங்க வீட்டு விஷயம் மேடம்” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

“ஆமாம்மா. ஆமாம்” என்றார் பேராசிரியர். அவள் விடைபெற்று, கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனாள். படியிறங்கும் சத்தம் தேய்ந்து நிற்கும்வரை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.