ஓஸ்கர் விட்ட இடைவெளி

ஹெர்தா லோவன்பாக் ஹைஃபாவில் முப்பத்தோரு வருடம் பொத்தான் விற்றார். உலகத்தில் எந்தச் சட்டையிலும் ஏதோ ஒன்று குறைகிறது என்பது அவர் கொள்கை. கடை அதனால் ஓடியது. அக்கம்பக்கத்தாரும் அதனாலேயே ஓடினார்கள். ஒரே கட்டடத்தில் இருபது வருடம் குடியிருந்தும் நான் அவரை ஜெர்மன் மரியாதைப்படி ‘ஃப்ராவ் லோவன்பாக்’, அதாவது திருமதி லோவன்பாக், என்றுதான் அழைத்தேன். அவருக்கு நான் ‘ஹெர் டாக்டர்’. பல் மருத்துவன். அவருடைய இரண்டு பல்லைப் பிடுங்கியும் நெருக்கம் வரவில்லை.

அவருடைய அண்ணன் ஓஸ்கர் செக் நாட்டு பிர்னோ நகரத்து இசையமைப்பாளன். தங்கையை 1939-இலேயே கப்பலேற்றிவிட்டுத் தான் தங்கிவிட்டான். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் நாஜிகள் அவனைக் கொன்றார்கள். மிஞ்சியது, பக்கத்து வீட்டுக்காரி பரணில் ஒளித்து வைத்து, போருக்குப் பின் அனுப்பிய ஒரே ஒரு படைப்பு: நான்கு தந்தி வாத்தியங்களுக்கானது. யூதப் படுகொலை நினைவு நாளில் எங்கள் நால்வர் குழு அதை வருடா வருடம் வாசிக்கும். வயோலா வாசிப்பது நான். யாரும் கைதட்ட மாட்டார்கள், அது வழக்கம். கடைசி ஒலி அடங்கியதும் கூட்டம் எழுந்து தலைகுனிந்து நிற்கும். அந்த நாள் காலையில் அஞ்சலிச் சங்கு ஊதினால் பேருந்தைவிட்டு இறங்கி நடுத்தெருவில் நிற்கிற ஊர். நிற்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

ஒரே சிக்கல், அந்தப் படைப்பு அங்கே முடிவதில்லை. ஓஸ்கர் குறும்புக்காரன். கம்பீரமாக முடிவதுபோல் ஒரு பாவனை, ஜனங்கள் கைதட்டுவார்கள், உடனே போல்கா என்ற துள்ளல் நடன மெட்டு கிளம்பி அவர்களை அசடு வழிய வைக்கும். நிகழ்ச்சியை நடத்தும் வால்டர் ஃபிங்க், ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர், இந்த நாளில் போல்கா கூடாதென்று முதல் வருடமே அதை வெட்டிவிட்டார். இருபது வருடமாகப் பொய் முடிவுக்கு எழுந்து நின்று மெய்யாக அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தோம்.

எழுபது வயதில் ஹெர்தாவுக்குப் பொறுமை தீர்ந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு ஃபிங்க்கிடம் போனார். ஃபிங்க் இறந்தவர்களின் கண்ணியம் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். ஹெர்தா முழுவதையும் கேட்டார்.

“அவன் செத்ததுக்கு வருஷா வருஷம் எழுந்து நிக்கிறீங்க, சரி. அவன் சொன்ன ஜோக்குக்கு ஒரு தடவை ஏமாந்தா என்ன குறைஞ்சிடும்?”

“நினைவு நாள்ல ஜோக்கா, ஃப்ராவ் லோவன்பாக்?”

“எழுதறப்போ அவன் உயிரோடதான் இருந்தான், ஹெர் ஃபிங்க்.”

ஃபிங்க் அசையவில்லை. மறுவாரம் ஹெர்தா கசகசா கேக்கோடும் மூலப் பிரதியோடும் எங்கள் ஒத்திகைக்கு வந்தார். வெட்டப்பட்ட இடத்தில் ஓஸ்கரின் கையெழுத்து: ‘கைதட்டல் அடங்கும்வரை காத்திருக்கவும்.’

கைதட்டலே வராதே, எப்போது தொடங்குவது என்று முதல் வயலின் ப்ரூனோ கேட்டார்.

“என்னைப் பாருங்க, சொல்றேன். யாரும் சிரிக்கலைன்னா பழி என் தலையில,” என்றார் ஹெர்தா. நான்கு கோழைகளும் ஒப்புக்கொண்டோம்.

நினைவு நாளன்று வாசித்தோம், பொய் முடிவு வந்தது. வில்களைத் தாழ்த்தினோம். ஃபிங்க் முதலில் எழுந்தார். பின்னால் இருநூறு பேர், தலைகள் கவிழ. ஹெர்தா மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்தபடி, வரிசை வரிசையாக நிதானமாகப் பார்த்தார். ஓஸ்கருக்கு ஏமாந்து தட்டும் சில கைகள் சிக்கியிருந்தாலே போதும். ஃபிங்க்கின் புண்ணியத்தில் மண்டபமே சிக்கியிருந்தது. ஹெர்தா தலையசைத்தார்.

போல்கா துள்ளியது.

பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். உட்காருவது அவமரியாதையோ என்று சிலர் மறுபடி எழுந்தார்கள். முன்னாள் நீதிபதி ஒருவர் தீர்ப்புச் சொல்ல முடியாமல் பாதியில் குனிந்தபடியே நின்றார். சிரிப்பு மட்டும் வரவில்லை. ஹெர்தாவின் விரல்கள் கைப்பையை நெரித்தன.

அப்போது பின்வரிசையில், முகாமில் இரண்டு வருடம் இருந்து பிழைத்த தையற்காரர் மோரிட்ஸ் ஒரு கனைப்புக் கனைத்தார். அதை இருமலாக்கப் பார்த்தார். முடியவில்லை, சத்தமாகவே சிரித்துவிட்டார். அவர் சிரித்தபின் யாருக்கு அனுமதி வேண்டும்? மண்டபம் குலுங்கியது. நான் இரண்டு வரி தவறவிட்டேன், யாரும் கவனிக்கவில்லை.

பிறகு உண்மையான முடிவு வந்தது. ஒருவரும் எழவில்லை, தட்டவில்லை. இருநூறு பேர் நாற்காலி விளிம்பில் சந்தேகத்தோடு காத்திருந்தார்கள். ஃபிங்க் ஹெர்தாவின் பக்கம் சாய்ந்தார்.

“முடிஞ்சிடுச்சா?”

“எனக்கெப்படித் தெரியும்?” என்றார் ஹெர்தா. “ஓஸ்கரைத்தான் கேக்கணும்.”